கை எட்டும் தூரம்

முதலில் அடிப்பார். எதற்காக அடித்தார் என்பது பிறகுதான் தெரியவரும். சில நாள் தெரியவே வராது. அடிபட்டவன் தானாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

மைசூரில் லாரிகளுக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். டிரைவர் சீட்டுக்கு ரெக்சின் தைப்பது என் வேலை. அவர் அங்கே டிங்கர். மோதிக்கொண்டும் உருண்டுகொண்டும் வருகிற வண்டிகளின் தகரத்தைத் தட்டித் தட்டிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிறவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. பட்டறையிலும் யாரும் சொன்னதில்லை, ‘அண்ணா’தான். தமிழ் பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் பாதிப் பாதியாக இருந்த இடத்தில் எல்லோருக்கும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அவருக்கு ஊர் கோபிநத்தம். காவிரியில் பரிசல் ஓட்டுகிற குடும்பம். நான் கௌதள்ளிக்காரன். பக்கத்து ஊர் என்பதால் என்மேல் அவருக்கு உரிமை கொஞ்சம் கூடுதல். உரிமை கூடுதல் என்றால் வேறொன்றுமில்லை, அடி கூடுதல்.

சேர்ந்த முதல் வாரமே வாங்கினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தியிருந்த ஒரு டிப்பருக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது ஒரு கை. திரும்புவதற்குள் கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் ஒரு சீவிடு போய் உட்கார்ந்துகொண்டு இரைகிற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் ஜாக்கியைக் காட்டினார். எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

“வாயில சொல்லக்கூடாதாங்கண்ணா?” என்றேன்.

“சொல்லு ஊரச் சுத்தி வரும்டா. கை நேராப் போவும்” என்றார்.

இந்த மாதிரிப் பேச்சுகளுக்காகவே அவரிடம் ஒட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். எனக்கு மனிதர்களின் வாய்வார்த்தை என்றால் பித்து. நோட்டில் எழுதிவைப்பதில்லை. பிடித்திருந்தால் தானாகத் தங்கிவிடும். அவருடையது அத்தனையும் தங்கிவிட்டது, அந்தச் சீவிடு மாதிரி.

வேலையில் அவருக்கு ஒரு முறை இருந்தது. மூன்று அடி அடிப்பார். சுத்தியை நிறுத்திவிட்டு உள்ளங்கையால் தகரத்தைத் தடவிப் பார்ப்பார். மறுபடி மூன்று. “தடவாம அடிச்சா தகரம் இழுத்துக்கும். அப்புறம் அந்த ஒடுக்கு சென்மத்துக்கும் போவாது” என்பார். காலை முதல் சாயங்காலம் வரை பட்டறைக்குள் அந்தச் சத்தம்தான். தட், தட், தட். நிசப்தம். தட், தட், தட். என் தையல் மிஷின்கூட அந்தத் தாளத்துக்கு ஓடப் பழகியிருந்தது. மூன்றுக்குப் பிறகு நான்காவது கேட்டு நான் அறியேன்.

மனிதர்கள் விஷயத்தில் தடவிப் பார்க்கிற வேலை இல்லை. ஒரு காலையில் பந்திப்பூர் ரோட்டிலிருந்து ஒரு ஜீப் வந்தது. பானெட் உள்ளே போயிருந்தது, முன்கம்பியில் ரத்தம் காய்ந்திருந்தது. “கன்னுக்குட்டி குறுக்க வந்துருச்சு. சாயங்காலத்துக்குள்ள எடுத்துக் குடுங்க, யாருக்கும் தெரியவேணாம்” என்றார் ஜீப்புக்காரர். இவர் கம்பிக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தார். நீலப் பாசிமணி இரண்டு, நூலோடு. குழந்தைகள் கழுத்தில் கட்டுவார்களே, அது.

“கன்னுக்குட்டியா?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் அடியில் அந்த மனிதர் தரையில். இரண்டாவதில் பல். நாங்கள் நாலு பேர் இழுத்தும் மூன்றாவதைத் தடுக்க முடியவில்லை. சிமெண்டுத் தரையில் அந்த ஆள் வாயிலிருந்து கொட்டிய ரத்தத்தில் ஒரு துண்டுப் பல்லும் கிடந்தது.

மத்தியானம் ஒரு விவசாயி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் அதே நீலப் பாசிமணிச் சரத்தின் மீதி. தன் கன்றின் கழுத்தில் கண்ணேறுக்காக அவர் கட்டியிருந்தது. கன்றேதான்.

பட்டறையே எங்கள் டிங்கரைப் பார்த்தது. அவர் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்த ஜீப்புக்காரரிடம் போனார். முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தை நீட்டினார். “மூணு அடிங்க” என்றார். அந்த ஆள் பயத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “அடிங்கன்றன்” என்று இவர் அதட்டினார். மன்னிப்பு கேட்பதும் இவருக்கு மிரட்டுகிற மாதிரிதான் வரும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். நானும் பல வருடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் இன்னொன்றையும் எழுத வேண்டும். அவர் மனைவி அவரோடு இல்லை. கோபிநத்தத்தில் ஆற்றங்கரையில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒருமுறை ஊர்ப்பக்கம் கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன். அவர் நல்லவர்தான் அக்கா, கை மட்டும்தான், அதுகூடக் கோபத்தில் இல்லை, பயத்தில் அடிக்கிறார் என்று அசட்டுத்தனமாக ஏதோ பரிந்து பேசினேன். அந்த அம்மாள் எண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டார்.

“அவரு கைய எனக்குத் தெரியும் சாமி. கண்ண மூடிட்டுச் சொல்லுவேன், எது கோவத்துல வந்தது, எது பயத்துல வந்ததுன்னு. வலி ஒண்ணுதான்” என்றார்.

தட்டில் இரண்டு துண்டு மீன் வைத்து நீட்டினார்.

கடலுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது மாதேசன். எங்கள் பெயிண்டர், இருபத்தேழு வயது, அனூர்ப் பையன். கடலையே பார்த்ததில்லை. குமாராவும் பார்த்ததில்லை, அவன் எலெக்ட்ரீசியன், கன்னடக்காரன், எங்களோடு பேசிப் பேசித் தமிழை ஒரு மாதிரி ஆக்கி வைத்திருந்தான். நான் பார்த்திருந்தேன், அதுவும் ராமேசுவரத்தில், குளம் மாதிரிப் படுத்துக் கிடக்கிற கடலை. அவரைக் கேட்டபோது “தண்ணியில நாங்க பாக்காததா?” என்றார். சித்திரை வெயில், முதலாளி வீட்டுக் கல்யாணம், பட்டறைக்கு இரண்டு நாள் லீவு. குமாராவின் மச்சான் காரை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை விடியும்போது கிளம்பினோம்.

விராஜ்பேட்டை தாண்டி மலை இறங்கும்வரை நல்ல கும்மாளம். மாதேசனுக்கு வாய் நிற்காது. குமாரா ஒரு திருப்பத்தில் தடுமாறினால், “குமாரா, ஸ்டியரிங்க அண்ணன்கிட்டக் குடுத்துரு, ரெண்டு தட்டுத் தட்டி ரோட்ட நேராக்கிருவாரு” என்றான். அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பில் மாதேசன் அளவு மறந்துவிட்டான்.

“அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்கண்ணா. ஓ, அவங்கதான் உங்க கைக்குப் பயந்துட்டு ஆத்தங்கரைக்கே ஓடிட்டாங்கல்ல.”

முன்சீட்டில் இருந்தவர் உடம்பைத் திருப்பியதைக்கூட நான் பார்க்கவில்லை. புறங்கை மாதேசனின் வாயில் விழுந்தது. அவன் தலை கண்ணாடியில் போய் இடித்தது.

“சும்னெ தமாஷு அண்ணா, தமாஷு” என்று குமாரா வண்டியை ஓரம் கட்டினான்.

மாதேசன் உதட்டு ரத்தத்தைச் சட்டைக் காலரில் துடைத்துக்கொண்டான். “எங்கப்பன்கூட என்னையக் கை நீட்டி அடிச்சதில்ல” என்றான். “இதுதான் கடைசி. இன்னொருக்கா கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற.”

அவர் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கீழே இறங்க இறங்கக் காற்று ஈரத் துணி மாதிரி முகத்தில் ஒட்டியது.

கண்ணூர்ப் பக்கத்தில் ஒரு கடற்கரை. சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேரும்போது மணி மூன்று. மணல் அடுப்பாய்ச் சுட்டது. தென்னை நிழலில் நாலைந்து மீனவர்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே தள்ளி ஊர்க்காரர்கள் குளித்தார்கள். அலை அவர்கள்மேல் வெள்ளையாக உடைந்து புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பரிசல்காரன் துறை பார்ப்பது போல அதைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“நொரை எங்கியோ, கல்லு அங்க. அங்கெல்லாம் எறங்கக் கூடாது.”

கரையோரமாக நடந்துபோய் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். இருபது தப்படி அகலம். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் நுரையே இல்லாமல், கறுத்து, சாதுவாகக் கிடந்தது தண்ணீர். காவிரியில் அப்படிப்பட்ட இடத்தில்தான் அவர்கள் குழந்தைகளை இறக்குவார்களாம்.

“மாதேசா” என்று கூப்பிட்டார். அடித்ததற்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. “இங்க எறங்குடா. இங்க ஒண்ணும் பண்ணாது.”

அவர் குரலில் அப்படி ஒரு பரிவை அதற்குமுன் நான் கேட்டதில்லை. சமாதானம் பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. மாதேசனுக்கும் புரிந்திருக்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இறங்கினான்.

பிறகு ஒரு மீனவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். அலைகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் முழுக்கக் கடலுக்குத் திரும்பிப் போகிற வாசலாம் அது. அலை இல்லாமல் இருப்பதே அதனால்தானாம். அந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். ஆற்றுக்காரர் ஒருவருக்குத்தான் அது பத்திரமான இடமாகத் தோன்றும்.

முழங்கால், இடுப்பு; அப்புறம் காலடியில் தரை இல்லை. மாதேசன் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கியபோது விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. அவர் ஒரு சத்தம்கூடப் போடாமல் பேன்ட்டோடு ஓடினார். நீரோட்டமே அவரையும் எடுத்துப் போனது. பத்துப் பதினைந்து வீச்சில் அவனிடம் போய்விட்டார்.

பரிசல்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. அவரே பலதரம் சொல்லியிருக்கிறார். “முழுகறவன் மனுசனில்லடா, கொக்கி. கிட்டப் போனா மாட்டிக்குவான், உன்னையும் எறக்கீருவான். மொதல்ல அடிக்கணும். கை விடற வரைக்கும் அடிக்கணும். விட்டதும் மயிரப் புடிச்சு இழுக்கணும்.”

மாதேசன் மாட்டிக்கொண்டான். இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டி, தோளில் ஏறப் பார்த்தான். இரண்டு தலையும் உள்ளே போயின. நான் எத்தனை நேரம் மூச்சு விடாமல் நின்றேனோ தெரியாது. மேலே வந்தபோது அவர் முஷ்டி ஓங்கியிருந்தது. முகத்தின் நடுவில் அடித்தார். மறுபடி. மறுபடி. அந்த அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. எனக்குக் கேட்டது. தட், தட், தட்.

மாதேசனின் கைகள் கழுத்திலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தன. தலை பின்னால் சாய்ந்தது. இனி மயிரைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் கை மறுபடியும் ஓங்கியது. நான்காவதாக ஒன்று விழுந்தது.

அதற்குப் பிறகுதான் மயிரைப் பிடித்தார். கரையை நோக்கி நேராக நீந்தினார், நீந்தினார், இருந்த இடத்திலேயே இருந்தார். வலைக்காரர்கள் படகைத் தள்ளிக்கொண்டு போய் இருவரையும் தூக்கிப் போட்டு வந்தார்கள்.

மாதேசனை மணலில் கிடத்தினார்கள். மூக்கு ஒரு பக்கமாக மடிந்திருந்தது, வாய் முழுக்க ரத்தம். ஒருவர் மண்டியிட்டு அவன் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். குளித்துக்கொண்டிருந்தவர்களும் ஓடிவந்துவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தது ஒன்றைத்தான்: ஒருவன் இன்னொருவனைத் தண்ணீருக்குள் வைத்து முகத்தில் குத்தியதை. ஒரு பையன் துடுப்பால் அவர் முதுகில் போட்டான். குப்புற விழுந்தவரை உதைத்தார்கள். விலாவில், தலையில், கையில். நான் நடுவில் விழுந்து, “காப்பாத்துனவருங்க அவரு, காப்பாத்துறதுக்குத்தான் அடிச்சாரு” என்று கத்தினேன். தமிழ் அவர்களுக்கு நன்றாகவே புரியும். நான் சொன்னதுதான் நம்புகிற மாதிரி இல்லை. எனக்கும் ஒரு உதை விழுந்தது.

அவர் நினைத்திருந்தால் அதில் நாலு பேரைச் சாய்த்திருப்பார். கையைத் தூக்கவே இல்லை. புருவம் கிழிந்து கண்ணை ரத்தம் மறைக்க, மணலில் கிடந்தபடி மாதேசன் இருந்த பக்கம் பார்த்து, “அவனப் பாருங்கடா, அவனப் பாருங்கடா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதேசன் ஒருமுறை துள்ளினான். தண்ணீரும் ரத்தமும் சோறுமாக வாந்தி எடுத்தான். மூச்சு வந்தது. அப்போதுதான் உதைப்பது நின்றது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் ஒருவர் காகிதங்களோடு வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். மாதேசனுக்கு மூக்கில் கட்டு, முன்பல் ஒன்று இல்லை. அவர் கதவருகில் நின்றார், புருவத்தில் தையலோடு, விலாவைப் பிடித்துக்கொண்டு.

“அந்த ஆளு உன்ன அடிச்சாரா? பயப்படாமச் சொல்லு. நீ சொல்றதுதான் கேஸு” என்றார் போலீஸ்காரர்.

மாதேசன் கதவருகில் நின்றவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“அண்ணா, நீங்க கரையில நின்னு பாத்துட்டிருந்தீங்க. மூணு அடி எனக்குத் தெரியுது. மூணாவதுக்கு நான் கைய விட்டுட்டேன். விட்டது நல்லா நெனப்பிருக்குது. அப்புறம் ஒண்ணு விழுந்த மாதிரி இருந்துச்சு.” காற்று கலந்து வந்தது பேச்சு. “அது என்னங்கண்ணா? அலையா?”

இரவெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் போல. பதில் தயாராக இருந்தது.

“அலைதாண்டா” என்றேன்.

“அலையில்ல” என்றார் அவர் கதவருகிலிருந்து. “நாந்தான். நீ கைய விட்டுட்ட. எனக்குக் காருல பேசுனது ஞாபகம் வந்துருச்சு.”

குமாரா தலையில் கை வைத்துக்கொண்டான். போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார். “அப்ப அடிச்சதுன்னு எழுதணும். இல்லாட்டி காப்பாத்துனதுன்னு எழுதணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, ரெண்டையும் என்னால எழுத முடியாது.”

மாதேசன் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில் அந்த மனிதர் வீட்டுக்கு வருவதும் ஜெயிலுக்குப் போவதும் இருந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எதற்கோ காத்திருந்தார், அது கேஸ் இல்லை.

“மொத மூணையும் எழுதிக்குங்க சார்” என்றான் மாதேசன்.

“அது காப்பாத்துனது.”

“ஆமாங்க.”

“நாலாவது?”

“அது உங்க காயிதத்துக்கு வேண்டாம்.”

கையெழுத்துப் போட்டான். போலீஸ்காரர் போனதும் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினான். கோபமாகச் சொல்லவில்லை. சோறு வேண்டாம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

“அண்ணா, உசுரு நீங்க குடுத்தது. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா இனிமே கை எட்டற தூரத்துல எங்கிட்ட நிக்காதீங்க.”

அவர் தலையாட்டினார். அங்கேயே ஓரடி பின்னால் போனார்.

நான் மைசூரை விட்டு வரும்வரை இன்னும் இரண்டு வருடம் இருவரும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தார்கள். அவர் தட்டி நிமிர்த்திய தகரத்துக்கு மாதேசன்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒரே வண்டியில் இருவரும் ஒன்றாக நின்று நான் பார்க்கவில்லை. தினமும் நாலு மணிக்கு அவர் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வருவார். ஒன்றை மாதேசன் வேலை செய்யும் லாரியின் படியில் வைப்பார். திரும்பி, லாரியின் நீளம் முழுக்க நடந்து, பின்சக்கரத்தையும் தாண்டிப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்துதான் கூப்பிடுவார்.

“மாதேசா, டீ ஆறுது.”

அவன் வந்து எடுத்துக்கொள்வான். அதுவரை அவர் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.